தள்ளுபடி எண்டா எரிச்சுப் போட்டது எண்டு அர்த்தமில்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

முதல்லயே சொல்லிடுறன், நான் சுவாமியும் இல்ல போதகரும் இல்ல. மட்டக்களப்பு டவுனுக்குள்ள சின்னதா ஒரு போட்டோக்கொப்பி கடை, நோட்டீஸ் டைப் பண்றது, லெமினேட் பண்றது, பிள்ளைகள்ர அசைன்மென்ட் பைண்ட் பண்றது, அதுதான் என்ர தொழில். எழுத்து நடை முன்னப்பின்ன இரிக்கும். ஆனா தயவு செய்து இலக்கணத் தமிழுக்கு மாத்திப் போட்டுடாதீங்க, போன வரிசம் வடிகான் பிரச்சினைய எழுதி அனுப்பினத்த நீங்க திருத்திப் போட்டு, அத வாசிச்ச என்ர மனிசி "இது ஆரு எழுதின, நல்லாரிக்கே" எண்டு என்னட்டயே கேட்டா.

ரெண்டு ஞாயிறா உங்கட பேப்பர்ல ஒரு சண்டை போகுது. முதல் கடிதம் எழுதினவர் சொல்றார், 325ல நிசேயா சங்கத்தில, அதாவது ஆயர்மார்ர பெரிய மாநாட்டில, ஆயர்மார் கூடி, ரோம ராசா கொன்ஸ்தந்தீன் சொன்னபடி வோட்டுப் போட்டு, பிடிக்காத சுவிசேஷங்கள எரிச்சுட்டு மிச்சத்த பைபிள் எண்டு கட்டிட்டாங்களாம், உண்மையெல்லாம் எரிஞ்சு போனதுக்குள்ளதானாம். அடுத்த ஞாயிறு அதுக்குப் பதில் எழுதினவர் மற்றப் பக்கத்தால வந்து, 66 புத்தகத்துக்கு வெளிய இரிக்கிற ஒவ்வொரு எழுத்தும் பிசாசுட வேலை, வீட்டுக்குள்ள வெச்சிரிக்கவும் கூடாது எண்டுட்டார். ரெண்டு பேரும் நல்லாத்தான் எழுதிரிக்காங்க. ஆனா ரெண்டு பேர்ல ஆராவது அந்தப் புத்தகத்தில ஒண்டையாவது பிரட்டிப் பார்த்திரிப்பாங்களா எண்டது எனக்கு டவுட்.

நான் ஏன் இதுக்குள்ள மூக்க நுழைக்கன் எண்டா, இதே சண்டை எங்கட வீட்டுக்குள்ள வந்து ஒரு கலியாணமே கலங்கிப் போகப் பார்த்த.

மூத்த மகளுக்கு போன ஆவணியில கலியாணம். நாங்க ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கம். என்ர மனிசி பிறந்தது மெதடிஸ் குடும்பத்தில, கட்டின பிறகு எங்களோட பூசைக்கு வாறா, ஆனா அவட அம்மா, என்ர மாமி, 78 வயசு, எங்களோடதான் இரிக்கா, அவ இன்னும் பக்கா மெதடிஸ். 1814ல வில்லியம் ஓல்ட் ஐயர் மட்டக்களப்பில வந்து இறங்கின நாள்ல இருந்து நாங்க வேதம் வாசிச்ச ஆக்கள், நீங்க செபமாலை உருட்டின ஆக்கள் எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவா, நானும் ஓம் மாமி எண்டுட்டு இரிப்பன்.

கலியாணப் பூசைக்கு முதல் வாசகத்த மகளே தெரிவு செஞ்சிட்டா. தோபித்து புத்தகம் 8ம் அதிகாரம், தோபியாவும் சாராவும் முதல் ராத்திரி எழும்பி நிண்டு செபிக்கிற இடம். எங்கட கோயில்கள்ல கலியாணத்துக்கு அடிக்கடி வாசிக்கிறதுதான். மாமி அத முன்கூட்டியே ஒருக்கா பார்த்து வெப்பம் எண்டு தன்ர சிப் வெச்ச கறுத்த பைபிள எடுத்து, கண்ணாடியப் போட்டு, விரல்ல எச்சில் தொட்டு ஆதியாகமத்தில இருந்து மல்கியா வரைக்கும் பிரட்டினா. மறுகா அட்டவணையப் பார்த்தா. மறுகா என்னக் கூப்பிட்டா.

"மருமகன், இதில இப்பிடி ஒரு புத்தகமே இல்ல."

"மாமி, அது எங்கட பைபிள்ல இரிக்கு, உங்கடதில இல்ல."

"இல்லாத புத்தகத்த வாசிச்சுக் கட்டுற தாலி நிக்குமா?"

அவ்வளவுதான், பந்தல் போடுறதுக்கு முதலே வீடு ரெண்டாப் போச்சு. கதை என்னெண்டு கேட்டா. நானும் சும்மா இரிக்காமச் சொன்னன், சாராக்கு ஏழு மாப்பிள்ளை கட்டிக்குடுத்து ஏழு பேரும் முதல் ராத்திரியே செத்துப் போறாங்க, அசுமதேயு எண்டொரு பேய்தான் காரணம், தோபியா ஆத்தில பிடிச்ச மீன்ட ஈரலயும் நெஞ்சாங்குலையையும் தணல்ல போட்டுப் புகைக்க அந்த நாத்தம் தாங்கேலாம பேய் எகிப்துக்கே ஓடுது எண்டு. மாமிக்கு வந்த சிரிப்பு அடங்க அஞ்சு நிமிசம் போன. "இது வேதமா, மட்டக்களப்பு மந்திரவாதமா? வெளியூர்க்காரன் எங்களப் பார்த்து பாயோட ஒட்ட வெச்சிடுவாங்க எண்டு சொல்றது காணாதா, நாங்களே கோயில்ல வெச்சு மீன் ஈரல் புகைக்கிற கதைய வாசிக்கணுமா?"

நியாயமான கேள்விதான் எண்டு எனக்கும் பட்ட. அதுக்குப் பிறகுதான் நான் கடையில வேலை இல்லாத நேரமெல்லாம் இதப் பத்தி வாசிக்கத் தொடங்கின, இப்ப மகளுக்கு பிள்ளையும் கிடைச்சிட்டு, நான் இன்னும் வாசிச்சு முடிக்கல்ல.

தோபித்து மாதிரி எங்கட பைபிள்ல இரிந்து தங்கடதில இல்லாத புத்தகங்களுக்கு மாமிட ஆக்கள் சொல்ற பேர் தள்ளுபடி ஆகமம். அந்தச் சொல்லக் கேட்டா கோட்டில கேஸ் தள்ளுபடியான மாதிரி, தோத்துப் போய் வீட்ட போன மாதிரித்தான் மனசில விழுகுது. ஆனா புரட்டஸ்தாந்து பிரிவத் தொடக்கின மார்ட்டின் லூத்தரே 1534ல முழு பைபிளையும் ஜேர்மன் மொழியில கொண்டு வரக்குள்ள இதுகளத் தூக்கி எறியல்ல, பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில தனியா ஒரு பகுதியா வெச்சு, இது வேதத்துக்குச் சமமில்ல, ஆனா வாசிக்க நல்லது, பிரயோசனமானது எண்ட மாதிரி மேல எழுதிப் போட்டார். 1611ல வந்த ஜேம்ஸ் ராசாட இங்கிலீஷ் பைபிள்லயும் நடுவில இதுகள் இரிந்த. இன்னும் கிட்ட வாங்க, தமிழுக்கு வாங்க. தரங்கம்பாடியில சீகன்பால்க் ஐயர் தொடங்கி ரூத் வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டுச் செத்துப் போன பழைய ஏற்பாட்ட, பின்னால வந்த சூல்சே ஐயர் முடிச்சு, 1728ல இந்தத் தள்ளுபடி ஆகமங்களையும் தமிழ்ல அச்சடிச்சார். ரெண்டு பேரும் லூத்தரன் ஆக்கள். அப்ப தமிழ்ல தோபித்த அச்சில கொண்டு வந்தது புரட்டஸ்தாந்து அச்சுக்கூடம்தான். நான் இத மாமிக்குச் சொன்னன். மாமி ஒண்டும் சொல்லல்ல, கண்ணாடியக் கழட்டித் துடைச்சா. அது எங்கட வீட்டில ஒரு பெரிய சம்பவம்.

கணக்கு எல்லாருக்கும் தெரியும்தானே, புரட்டஸ்தாந்துக்கு 66, எங்களுக்கு 73, எங்கட கணக்க திரெந்து சங்கம் 1546ல உறுதியா முடிச்ச. ஆனா எத்தியோப்பியாட பழைய ஓர்த்தடொக்ஸ் சபைக்கு 81, அதுக்குள்ள ஏனோக்கு புத்தகமும் இரிக்கு. இதச் சொன்னா உடனே ஆராவது, அப்ப பைபிள் எண்டது ஆக்களுக்கு ஆள் மாறுற சாமானா எண்டு கேப்பாங்க. புதிய ஏற்பாட்டு 27லயும் நாங்க, மெதடிஸ், பெந்தெகொஸ்தே எல்லாரும் ஒண்டுதான். ஓரத்திலதான் வேலி முன்னப்பின்ன போகுது, வயல் காணி வெச்சிரிக்கிற ஆக்களுக்கு வரம்பு எப்பிடிப் போகும் எண்டு நான் சொல்லித் தரத் தேவையில்ல.

நிசேயாக்கு வாறன். நிசேயா சங்கத்தில எந்தப் புத்தகம் வேதம் எண்டு வோட்டெடுப்பு நடக்கவேயில்ல. அங்க பேசினது, இயேசு பிதாவுக்குச் சமமில்ல எண்ட ஆரியுஸ்ர போதனை, பாஸ்கு திருநாள் (ஈஸ்டர்) எப்ப வெக்கிறது, இப்பிடியான விசயங்கள். 27 புத்தகமும் இப்ப இரிக்கிற அதே கணக்கில ஒரே லிஸ்டா எங்களுக்குத் தெரிய முதல் வாறது 367ல, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் தன்ர சபைகளுக்கு எழுதின 39வது பாஸ்கு கடிதத்தில. அந்தக் கடிதத்தத்தான் ரெண்டு எழுத்தாளரும் ஒருக்கா வாசிக்கணும் எண்டு நான் கேக்கன், ஏனெண்டா அதில ரெண்டு தட்டு இல்ல, மூணு தட்டு இரிக்கு. மேல் தட்டில வேதம். கீழ் தட்டில பிழையான போதனைக்காரர் தாங்களே எழுதி, பழைய புத்தகம் எண்டு ஏமாத்தினது. நடுவில ஒரு தட்டு, வேதம் இல்ல, ஆனா புதுசா சபைக்கு வாற ஆக்களுக்கு வாசிச்சுக் குடுக்கச் சொல்லி முன்னோர் வெச்சது. அந்த நடுத் தட்டில தோபித்து இரிக்கு, யூதித்து இரிக்கு, சாலமோனின் ஞானம், சீராக், "பன்னிரு அப்போஸ்தலரின் போதனை" எண்ட டிடாக்கே, "எர்மாவின் இடையர்" எண்ட புத்தகம், எல்லாம் இரிக்கு. ஏன், எஸ்தர் புத்தகமே அந்த நடுத் தட்டிலதான் இரிக்கு! மாமிட பைபிள்ல மேல் தட்டுக்குப் போயிட்ட.

எங்களுக்கு இந்த நடுத் தட்டு மறந்து போச்சு. அதுதான் என்ர கதை முழுக்க.

இந்த எர்மா எண்டவர் ரோமில இரிந்த ஒரு முன்னாள் அடிமை, கிழவி ஒருத்தி காட்சியில வாறா, வர வர இளமையாகிட்டே போறா, அவதான் திருச்சபை எண்டு பிறகு விளங்குது. அந்த நாள்ல சனம் விழுந்து விழுந்து வாசிச்ச புத்தகம். லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரியில பெரும்பகுதி இரிக்கிற சினாய் எண்ட பைபிள் கையெழுத்துப் பிரதி, 4ம் நூற்றாண்டு, அதில புதிய ஏற்பாடு முடிஞ்ச உடன பர்னபாவின்ர கடிதமும் இந்த எர்மாவும் சேர்த்து எழுதிரிக்கு. ஆனா முரத்தோரி எண்ட இத்தாலிப் பாதர் 1740ல வெளியிட்ட ஒரு பழைய துண்டு லிஸ்ட் என்ன சொல்லுது எண்டா, எர்மா இது எங்கட காலத்தில கிட்டடியில எழுதினது, அதனால வாசிக்கலாம், வாசிக்கவும் வேணும், ஆனா கோயில்ல சனத்துக்கு முன்னால இறைவாக்கினர்மாரோடயும் அப்போஸ்தலர்மாரோடயும் சேர்த்து வாசிக்க ஏலா. பார்த்தீங்களா, கெட்டது எண்டு சொல்லல்ல, ஆவியில்லாதது எண்டும் சொல்லல்ல. பிந்தி வந்தது எண்டுதான் சொல்லிரிக்கு.

இதுக்குள்ளதான் என்ன ஆகலும் யோசிக்க வெச்ச விசயம் கிடக்கு. நாங்க சின்னனில படிச்சது, கடவுள் ஏவின புத்தகம் உள்ள, ஏவாத புத்தகம் வெளிய எண்டு. ஆனா வெளிய நிக்கிறவங்க என்ன சொல்றாங்க எண்டு பாருங்க. ரோம்ல இருந்து கொரிந்துக்கு ஏறக்குறைய 96ல போன கிளமெந்துவின்ர கடிதம், தூய ஆவியால நாங்க எழுதினத்துக்குக் கீழ்ப்படியுங்க எண்டு நேரடியாச் சொல்லுது. அந்தியோக்கியா ஆயர் இக்னாசியார், மிருகங்களுக்குப் போடுறதுக்காக ரோமுக்கு இழுத்திட்டுப் போகக்குள்ள எழுதின கடிதத்தில, நான் கத்தினது கடவுள்ர குரல்லதான் எண்டு எழுதுறார். ரெண்டும் பைபிள்ல இல்ல. நீசா கிரகோரியார், தன்ர அண்ணன் பசிலியார் படைப்பின்ர ஆறு நாளப் பத்தி எழுதின விளக்கத்தக் கூட கடவுள் ஏவினது எண்டு சொல்றார், அதுவும் 2 தீமோத்தேயு 3:16ல "வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது" எண்டு வாற இடத்தில இரிக்கிற அதே கிரேக்கச் சொல்லால.

சரி, உள்ள இரிக்கிறவங்க? லூக்கா தான் எல்லாத்தையும் கவனமா விசாரிச்சு ஒழுங்கா எழுதினன் எண்டுதான் தொடங்குறார், வானத்தில இருந்து குரல் வந்தது எண்டு சொல்லல்ல. பவுல் 1 கொரிந்தியர் 7ல, இத நான் சொல்றன், ஆண்டவர் இல்ல எண்டு பிரிச்சுச் சொல்றார். அதே கடிதத்தில முதல் அதிகாரத்தில நான் ஆருக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்தன் எண்டு எண்ணிட்டு வந்து, ஐயோ ஸ்தேவான் வீட்டாருக்கும் குடுத்தன், அதுக்கு மேல ஆருக்கும் குடுத்தனோ தெரியா எண்டுறார்! மறந்து போன கடவுள் வார்த்தை. எங்கட 73க்குள்ள வாற சீராக் புத்தகத்தில, தாத்தா எபிரேயத்தில எழுதினத்த கிரேக்கத்துக்கு மாத்தின பேரன், எவ்வளவோ கஷ்டப்பட்டன், சில சொல்லு சரியா வரல்ல எண்டா பொறுத்துக் கொள்ளுங்க எண்டு முன்னுரை எழுதி வெச்சிரிக்கார். 2 மக்கபேயர் எழுதினவர் இன்னும் ஒரு படி மேல, சிரேன் ஊர் யாசோன் அஞ்சு புத்தகமா எழுதினத்த நான் ஒண்டாச் சுருக்கினன், வேர்வை சிந்தினன், நித்திரை முழிச்சன் எண்டு தொடக்கத்தில சொல்லிட்டு, கடைசியில, நல்லாரிந்தா அதுதான் எனக்கு வேணும், சுமாரா இரிந்தா என்னால ஏலுமானது அவ்வளவுதான் எண்டு முடிக்கிறார். உங்களுக்கு கடிதம் எழுதுற என்ன மாதிரியே இரிக்கு.

இதால ஏவுதல் பொய் எண்டு நான் சொல்ல வரல்ல, என்னத் திட்டி மூணாவது கடிதம் வந்துடப் போகுது. கடவுள் அந்த மனிசர்ர வேர்வைக்குள்ளாலயும் மறதிக்குள்ளாலயும்தான் பேசினார் எண்டு எங்கட சபையும் சொல்லுது, 1965ல வத்திக்கான் சங்கம் எழுதின ஏட்டில அந்த எழுத்தாளர்மாரையே உண்மையான ஆசிரியர்மார் எண்டு சொல்லிரிக்கு. நான் சொல்றது, சபை அந்த நாள்ல ஒரு புத்தகத்த மேல் தட்டில வெக்கக்குள்ள "ஆவி என்னோட பேசினார்" எண்ட சத்தத்த வெச்சு எடுக்கல்ல. அந்தச் சத்தம் ரெண்டு பக்கத்திலயும் இரிந்த, வெளிய கொஞ்சம் கூடவே இரிந்த. பழசா, அப்போஸ்தலர்மாரோட தொடர்புள்ளதா, எல்லா இடத்துச் சபையும் வாசிக்குதா, விசுவாசத்தோட ஒத்துப் போகுதா, இதத்தான் பார்த்தாங்க.

இந்தக் கிழமை ஒரு தம்பி வந்தார், மரியாதையான பொடியன், 500 நோட்டீஸ் அடிக்கணும், தலைப்பு "66க்கு வெளியே ஒரு எழுத்தும் தேவ வார்த்தை அல்ல". டைப் பண்ணிக் குடுத்தன், அது என்ர தொழில், காசு தாறவர்ர கருத்தோட எனக்கென்ன. ஆனா புரூப் பார்க்கக்குள்ள வாய் சும்மா இரிக்கல்ல, மாமிட பைபிள எடுத்து யூதா நிருபம் 14ம் வசனத்தக் காட்டினன், "ஆதாமுக்கு ஏழாந்தலைமுறையான ஏனோக்கும்" எண்டு தொடங்கி, கர்த்தர் ஆயிரமாயிரமான பரிசுத்தவான்களோட வாறார் எண்டு போகுதே, அது ஏனோக்கு புத்தகத்தில முதலாம் அதிகாரம் 9ம் வசனத்தில அப்பிடியே இரிக்கு தம்பி எண்டன். அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "அண்ண, ஏனோக்கு சொன்னார் எண்டுதானே இரிக்கு, ஏனோக்கு புத்தகம் சொல்லுது எண்டு இல்லயே" எண்டார். நல்ல பதில், எனக்கு உடனே திருப்பிச் சொல்ல ஒண்டும் வரல்ல. பவுலும் கிரேக்கக் கவிஞர்மார்ர வரிய எடுத்துப் பேசிரிக்கார், அதுக்காக அந்தக் கவிதை வேதமாகாது. ஒரு வரிய எடுத்தா புத்தகம் முழுக்க மேல் தட்டுக்கு வராது, ஒப்புக் கொள்றன். ஆனா பிசாசுட வேலையெண்டா யூதா அதில இருந்து எடுத்திரிப்பாரா, அத மட்டும்தான் நான் கேக்கன். தலைப்ப மாத்தாமத்தான் அடிச்சுக் குடுத்தன்.

ரெண்டாவது கடிதம் எழுதினவர் இஞ்சாலயும் ஒருக்கா வந்து பார்க்கணும். தாண்டவன்வெளி காணிக்கை மாதா கோயில் தெரியாத மட்டக்களப்பான் இல்ல. காணிக்கை எண்டா என்ன காணிக்கை? மூணு வயசு மரியாள தாய் தகப்பன் சுவக்கீனும் அன்னம்மாளும் எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டு போய் கடவுளுக்கு எண்டு குடுத்த காணிக்கை. மத்தேயுவில தேடுங்க, லூக்காவில தேடுங்க, ஒரு வரி கிடைக்காது. சுவக்கீன், அன்னம்மாள் எண்ட பேர் கூட பைபிள்ல இல்ல. எல்லாம் "யாக்கோபின் முதல் நற்செய்தி" எண்டு சொல்ற 2ம் நூற்றாண்டுப் புத்தகத்தில இருந்து வாறது. அதில ஒரு இடம், குருவானவர் பிள்ளையத் தூக்கி பீடத்தின்ர மூணாம் படியில இருத்த, கடவுள்ர அருள் இறங்கி அந்தச் சின்னப் பிள்ளை காலால ஆடுது, இஸ்ராயேல் வீடு முழுக்க அவள நேசிச்சது எண்டு வருது. தாய் தகப்பன் அதிசயப்பட்டுக் கொண்டு போறாங்க, பிள்ளை அவங்கட பக்கம் திரும்பவேயில்ல. நேர்சரியில முதல் நாள் பிள்ளைய விட்டுட்டு வந்த எந்தத் தாயும் அந்த வரிய வாசிச்சா கண் கலங்கும்.

இந்தப் புத்தகம், ஜெலாசியுஸ் பாப்பரசர்ர பேர்ல வாற பழைய லிஸ்ட் ஒண்டில ஒதுக்கப்பட்ட புத்தகங்களுக்குள்ள கிடக்கு. திருநாள் மட்டும் நிண்டு போகல்ல. 5ம் பத்திநாதர் பாப்பரசர் 1568ல அத எடுத்துப் போட, 1585ல 5ம் சிக்ஸ்துஸ் திருப்பி வெச்சார், இப்பவும் நவம்பர் 21ல வருது. 6ம் சின்னப்பர் பாப்பரசர் 1974ல மாதா வணக்கத்தப் பத்தி எழுதக்குள்ள, இந்தத் திருநாள்ல ஒதுக்கப்பட்ட புத்தகக் கதை கலந்திரிந்தாலும் உயர்ந்த விழுமியங்கள் இரிக்கு எண்ட கருத்தில எழுதிரிக்கார். அதாவது ஒளிக்கல்ல. தெரிஞ்சுதான் கொண்டாடுறம். இதால கோயில் பொய்யாப் போகுமா? எனக்கு அப்பிடிப் படல்ல. ஆனா எங்கட ஆக்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும் எண்டா, மறைக்கல்வி வகுப்பில ஒரு நாளும் ஒருத்தரும் சொல்லித் தரல்ல, அது எனக்கு இப்பவும் கோபம். சிலுவைப் பாதையில 6ம் தலத்தில முகத்தத் துடைக்கிற வெரோணிக்கம்மா, தலைகீழா சிலுவையில அறைஞ்ச இராயப்பர் (பேதுரு), குழந்தை இயேசுவப் பார்க்க வந்த மூண்டு ராசாக்கள்ர பேர், ஒண்டும் பைபிள்ல இல்ல. எங்கட வீரமாமுனிவர் தேம்பாவணியில மரியாள்ர கணவர் சூசையப்பர்ர கதைய அவ்வளவு நீட்டிப் பாடினாரே, பைபிள்ல சூசையப்பர் ஒரு வார்த்தை கூட வாய் திறந்து பேசல்ல எண்டு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு கதை. காத்தான்குடியில எனக்கு பேப்பர் றீம் சப்ளை பண்ற முஸ்லிம் நானா ஒருத்தர், பதினஞ்சு வரிசப் பழக்கம், ஒரு நாள் நான் இந்தப் பழைய புத்தகங்களப் பத்திக் கதைக்கக்குள்ள, "ஈஸா நபி களிமண்ணால குருவி செஞ்சு ஊதினத்தயும் பைபிள்ல இரிந்து எடுத்துட்டாங்களா" எண்டு கேட்டார். ஈஸா நபி எண்டு அவங்க சொல்றது இயேசுவ. எனக்கு முழி பிதுங்கின. பார்த்தா குர்ஆன்ல ஆல இம்ரான் சூராவிலயும் மாயிதா சூராவிலயும் அது வருது, அல்லாஹ்ட அனுமதியோட உயிர் வந்தது எண்டு. கிறிஸ்தவப் பக்கத்தில பைபிள்ல இல்லாத "தோமாவின் குழந்தைப்பருவ நற்செய்தி" எண்ட புத்தகத்தில அஞ்சு வயசு இயேசு பன்னிரண்டு குருவி செஞ்சு கை தட்ட பறந்து போகுது. மரியம் தேவாலயத்தில வளரக்குள்ள சக்கரியா பொறுப்பா இரிக்கிறதும், உணவு அதிசயமா வாறதும் கூட ரெண்டு பக்கமும் இரிக்கு. நாங்க ரெண்டு பேரும் றீம் பெட்டிக்கு மேல குந்தி பிளேன்ரீ குடிச்சுட்டு ஒரு மணித்தியாலம் இதக் கதைச்சம், ஆரும் ஆரையும் மதம் மாத்தல்ல. ஆனா அந்தக் குழந்தைப்பருவப் புத்தகத்த நானாக்கு முழுக்கச் சொல்ல எனக்கே வெக்கமாப் போச்சு, அடுத்த அத்தியாயத்தில இயேசுட சின்னக் குளத்த உடைச்ச பொடியன் சாபத்தில வாடிப் போறான், அதுக்கு அடுத்ததில தோள்ல முட்டின பொடியன் விழுந்து சாகிறான். மூணு வயசில ஆடின மரியாளையும், முட்டினவனச் சாகடிக்கிற இயேசுவையும் ஒரே தட்டில வெக்க ஏலுமா? அதுதான் முதல் கடிதம் எழுதினவருக்கு என்ர பதில். மறைச்ச உண்மை எண்டு கூவ முதல் அத வாசிங்க. மேல் தட்டில ஏன் வைக்கல்ல எண்டு பத்து நிமிசத்தில உங்களுக்கே விளங்கும்.

அந்தியோக்கியாவில செராப்பியோன் எண்டொரு ஆயர், 2ம் நூற்றாண்டு முடியிற நேரம். ரொசுஸ் எண்ட ஊர்ச் சபை பேதுருவின்ர பேர்ல இரிந்த ஒரு நற்செய்திய வாசிக்கிறதில சண்டை. அவர் புத்தகத்தப் பார்க்காமலே, இதுதான் பிரச்சினையெண்டா வாசிச்சிட்டுப் போங்க எண்டுட்டார். பிறகு ஆரோ வேற கதை சொல்ல, ஒரு பிரதிய இரவல் வாங்கி வாசிச்சார். வாசிச்சிட்டு, பெரும்பாலும் சரிதான், ஆனா சில இடத்தில சேர்மானம் இரிக்கு எண்டு எழுதி, அந்த இடங்கள எடுத்துக் காட்டினார். நாங்க பேப்பருக்கு எழுதக்குள்ளயும் அந்த மனிசன் மாதிரி, முதல் சொன்னது பிழையெண்டா வாசிச்சிட்டுத் திருத்தலாம்தானே.

கடைசியா ஒண்டு, இது கொஞ்சம் சொந்த வயித்தெரிச்சல். என்ர மனிசிட சித்தி போன வரிசம் ஒரு கூட்டத்துக்குப் போன, எந்த மண்டபம் ஆரு எண்டெல்லாம் சொல்ல வரல்ல. மேடையில நிண்டவர் கண்ண மூடிட்டு, ஆவியானவர் இப்ப எனக்குச் சொல்றார், இந்தக் கூட்டத்தில ஒரு தாய் கையில இரிக்கிறத விதைச்சா மகன்ர வெளிநாட்டு அலுவல் சரிவரும் எண்டிரிக்கார். சித்தி அந்த இடத்திலயே ஒரு சோடிக் காப்பக் கழட்டிக் குடுத்துட்டு வந்துட்டா. மகன் இன்னும் கல்முனையிலதான் நிக்கான்.

நான் சொன்ன நடுத் தட்டில இரிக்கிற டிடாக்கே, அது நூற்றுக்கணக்கான வரிசமா காணாமப் போயிரிந்து, 1873ல பிரியேன்னியோஸ் எண்டவர் கொன்ஸ்தாந்திநோப்பிள்ல ஒரு நூலகத்தில கண்டு பிடிச்சு 1883ல அச்சில விட்டார். சின்னப் புத்தகம், என்ர கடையில ஏ4ல அடிச்சா பத்துப் பக்கம் வராது. அதில 11ம் அதிகாரத்தில ஊர் ஊரா வாற ஆக்களப் பத்தி இரிக்கு. ஒரு நாள் நிக்கலாம், தேவையெண்டா ரெண்டாம் நாளும் நிக்கலாம், மூணு நாள் நிண்டா அவர் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில நிண்டு சாப்பாடு போடச் சொல்றவர் தானே இருந்து அத சாப்பிட்டா கள்ளன். ஆவியில நிண்டு எனக்குக் காசு தாங்க எண்டு கேட்டா அவர்ர கதையக் கேக்காதீங்க, ஆனா இல்லாத ஆக்களுக்குக் குடுக்கச் சொல்லிக் கேட்டா ஒருத்தரும் அவரக் குத்தம் சொல்லக் கூடாது. ஏறக்குறைய 1900 வரிசத்துக்கு முந்தின எழுத்து. நான் அந்தப் பகுதிய பெரிய எழுத்தில டைப் பண்ணி லெமினேட் பண்ணி சித்திட்ட குடுத்தன். பைபிள்ல இரிக்கா எண்டு கேட்டா. இல்ல எண்டன். அப்ப எனக்கு வேணாம் மகன் எண்டு திருப்பித் தந்துட்டா. அது இப்ப என்ர கடையில கல்லாப் பெட்டிக்கு மேல தொங்குது, ஆரும் வந்து பார்க்கலாம்.

கலியாணம் என்ன ஆனது எண்டு கேப்பீங்க. நல்லபடியா நடந்த. மாமி வந்தா, முன் வாங்கில இரிந்தா, தோபித்து வாசிக்கக்குள்ள குனிஞ்சுதான் இரிந்தா. ரெண்டு மாசத்துக்குப் பிறகு ஒரு ராத்திரி கரண்ட் போய் கடைய நேரத்தோட பூட்டிட்டு வந்தா, மாமி என்ர மகள் விட்டுட்டுப் போன 1995ம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்த டோர்ச் வெளிச்சத்தில வெச்சு வாசிச்சிட்டிரிக்கா. நான் ஒண்டும் கேக்கல்ல. கொஞ்ச நேரத்தால அவவே கூப்பிட்டா.

"மருமகன், அந்தப் பொடியன் வெளிக்கிடக்குள்ள ஒரு நாயும் பின்னால போகுதே, பார்த்தீங்களா?"

"ஓம் மாமி, 6ம் அதிகாரத்தில. திரும்பி வரக்குள்ள 11லயும் வருது."

"மறுகா அந்த நாய்க்கு என்ன நடந்தது எண்டு எழுதல்லயே. தண்ணி கிண்ணி வெச்சாங்களோ தெரியா."

இப்படிக்கு,
போட்டோக்கொப்பி கடைக்காரன்,
மட்டக்களப்பு.